பதினெட்டு மீட்டர் உயரமும் ஒன்றரை நொடியும்

உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அறுபது அடி உயர அரக்கர்கள் இருவர் வருகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் கதையிலிருந்து ஹால்டேன் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மனிதனைவிடப் பத்து மடங்கு உயரம். அகலமும் தடிமனும் அதேபோலப் பத்து மடங்கு. ஆகவே எடை ஆயிரம் மடங்கு, எண்பது தொண்ணூறு டன். ஆனால் தொடை எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு மடங்குதான் கூடுகிறது. எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் நம் எலும்பு சுமப்பதைப்போலப் பத்து மடங்கைச் சுமக்க வேண்டும். மனிதத் தொடை எலும்பு ஏறக்குறைய அந்தச் சுமையில்தான் முறியும் என்பதால், இந்த அரக்கர்கள் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கால் முறிந்து விழுவார்கள் என்று ஹால்டேன் காட்டினார். அறுபது அடி என்பது 18.3 மீட்டர். 1979-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அறிமுகமாகி, பிறகு எத்தனையோ வீடியோ கேம்களில் நடமாடும் 'கன்டம்' ரோபோவின் உயரம் 18 மீட்டர். ஹால்டேன் நடக்கவே முடியாது என்று சொன்ன அதே உயரத்தில், அரை நூற்றாண்டுக்குப் பின் ஓர் இயந்திரம் ஓடுகிறது, குதிக்கிறது, வாள் வீசுகிறது.

ராட்சத ரோபோக்கள் வரும் விளையாட்டுகளை நேசிப்பவர்களிடையே ஓயாத ஒரு வாதம் உண்டு. இந்த ரோபோ உண்மையில் எத்தனை மீட்டர்? அந்தக் கட்டடத்தின் பக்கத்தில் ஏன் இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது? நூறு டன் என்கிறார்கள், ஐம்பது டன் இயந்திரத்தைவிடக் கொஞ்சம்தானே உயரம்? இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கக்கூடாது. கலிலியோ 1638-இல், வீட்டுச் சிறையில் இருந்த காலத்தில் வெளியிட்ட 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் எழுப்பிய கேள்வியும் இதுவேதான்: ஒரு பொருளை அதே வடிவில் பெரிதாக்கினால் அது அதே பொருளாக இருக்குமா? வாதிடுகிறவர்கள் சரியான கேள்வியைத்தான் தொட்டிருக்கிறார்கள். ஆனால் அளவுகோலைத் தவறான இடத்தில் வைத்து அளக்கிறார்கள் என்பது என் கருத்து. உயரம் அந்தக் கணக்கில் மிக எளிய எண். ஒரு ரோபோ பெரியதா, பெரியதாக வேடமிட்ட பொம்மையா என்பதை அதன் எடை பாதி சொல்கிறது. அது ஓர் அடி எடுத்து வைக்க ஆகும் நேரம் மீதியைச் சொல்கிறது.

முதலில் எடை. 1984-இல் மேசை விளையாட்டாகத் தொடங்கிய 'பேட்டில்டெக்' உலகில், 'மெக்' எனப்படும் போர் ரோபோக்கள் 20 டன்னிலிருந்து 100 டன் வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எடை ஐந்து மடங்கு என்றால் உருவமும் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். கணக்கு வேறு. ஒரே வடிவம், ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் எடை உயரத்தின் முப்படியாக ஏறும். ஐந்தின் கனமூலம் 1.71. பெரிய மெக் 14 மீட்டர் என்றால், அதன் ஐந்தில் ஒரு பங்கே எடையுள்ள சிறிய மெக் 8 மீட்டருக்கு மேல் நிற்கும். இலேசான மெக்கை ஓட்டுகிறவர், 'என்னுடையது ஏன் இவ்வளவு பெரிய இலக்காக இருக்கிறது' என்று கேட்பது நியாயமான வருத்தம். ஆனால் வடிவியல் அவர் பக்கம் இல்லை. அந்த உலகை ஒட்டி வந்த 'மெக்வாரியர் ஆன்லைன்' விளையாட்டில் 2016-இல் மெக்குகளின் அளவுகள் கன அளவையும் டன்னையும் பொருத்தித் திருத்தப்பட்டன. சிலருடைய மெக் சுருங்கியது, சிலருடையது வளர்ந்தது. விளையாட்டின் சமநிலைக்கு அது நல்லதா என்பது தனி வாதம். ஆனால் கண்ணளவில் வரைந்த உருவங்களைக் கன அளவு என்ற ஒரே தராசில் நிறுத்தியது சரியான வழி என்றே சொல்வேன்.

இதே தராசைப் புகழ்பெற்ற ரோபோக்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். 70 கிலோ எடையும் 1.7 மீட்டர் உயரமும் உள்ள மனிதனை 18 மீட்டருக்குப் பெரிதாக்கினால் எடை ஏறக்குறைய 83 டன் வரும். மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், அதே அளவுள்ள உருவம் 83 டன்னுக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரில் மிதக்கும். கன்டத்தின் முழு எடை 60 டன் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. எரிபொருளும் கருவிகளும் இல்லாமல் 43.4 டன். தோளும் காலும் மனிதனைவிடப் பருத்த அந்தப் போர் இயந்திரம் கடலில் விழுந்தால் மூழ்காது. 2013-இல் வந்த 'பசிபிக் ரிம்' படத்தின் 'ஜிப்ஸி டேஞ்சர்' இன்னும் வியப்பானது. உயரம் 79 மீட்டர், எடை 1,980 டன். மனித அடர்த்தியில் அந்த உருவத்தின் எடை 7,000 டன்னாக இருக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட எடையை வைத்துப் பார்த்தால் அதன் அடர்த்தி தண்ணீரில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. பாட்டில் அடைக்கும் தக்கையின் அடர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். படத்தில் அது கடலுக்குள் இடுப்பளவு நீரில் நடந்து போய்ச் சண்டையிடுகிறது. மனித உடலில் இடுப்புக்குக் கீழே உள்ள பங்கை நாற்பது விழுக்காடு என்று கொண்டால், இடுப்பு நனைவதற்கு முன்பே அது 2,000 டன்னுக்கு மேல் நீரை விலக்கிவிடும். பாதம் தரையை விட்டு எழும்பிவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்புதான். இயந்திரம் என்பது வார்ப்பிரும்புக் கட்டி அல்ல. காரும் விமானமும் உள்ளே பெரும்பாலும் காலி இடம்தான். கார்கூட உள்ளே நீர் புகும் வரை சிறிது நேரம் மிதக்கிறது. ரோபோவும் அப்படி இருக்கலாமே, கால்களில் நீரை நிரப்பிக்கொள்ளலாமே? இருக்கலாம். ஆனால் விமானத்தைப்போல உள்ளே வெறுமையாக இருப்பது விமானத்தைப்போலத்தான் அடி வாங்கும். கவசம், பீரங்கி, உலை, மலையைப் பிளக்கும் முட்டி எல்லாவற்றையும் ஒரே உடலில் காட்டிவிட்டு, எடைப் பட்டியலில் மட்டும் விமானக் கூட்டின் கணக்கை எழுதுவது பொருந்தவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கனமான உடலா, மெல்லிய ஓடா. யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை காட்சிக்கு நின்ற, கைகால் அசையும் 18 மீட்டர் கன்டம் இந்தத் தேர்வை நேர்மையாகச் செய்தது. அதன் எடை சுமார் 25 டன். அது தன் பாதங்களின் மேல் நிற்கவில்லை; பின்னால் இருந்த தாங்கி ஒன்று இடுப்பைப் பிடித்திருந்தது. நடப்பதுபோலக் காலைத் தூக்கியபோதெல்லாம் உடலின் பாரம் தாங்கியின் மேல்தான் இருந்தது.

எலும்புக்குப் பதில் எஃகு வைத்தால் ஹால்டேனின் கணக்கு மாறாதா என்பது அடுத்த கேள்வி. நாம் நினைக்கும் அளவுக்கு மாறாது. எலும்பு அமுக்கத்தில் 170 மெகாபாஸ்கல் அளவு தாங்கும். அடர்த்தி தண்ணீரைப்போல இரண்டு மடங்கு. சாதாரணக் கட்டுமான எஃகு 250 தாங்கும்; அதன் அடர்த்தி ஏறக்குறைய எட்டு மடங்கு. தன் எடைக்கு ஒப்பிட்ட வலிமையில் எலும்பே முந்துகிறது. விமானங்களில் பயன்படும் டைட்டானியம் கலவை எலும்பைவிட இரண்டு மடங்கு சிறந்தது. இரண்டு மடங்கு என்பது நல்ல முன்னேற்றம்தான். உயரம் கேட்பது பத்து மடங்கு. அதே சமயம், பெரிய இயந்திரமே சாத்தியமில்லை என்று சொல்வதும் தவறு. ஜெர்மனியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1978-இல் கட்டி முடித்த 'பாக்கர் 288' என்ற அகழ்வு இயந்திரம் 96 மீட்டர் உயரம், 13,500 டன் எடை. ஜிப்ஸி டேஞ்சரைவிட உயரமானது, ஆறு மடங்குக்கு மேல் கனமானது. அது தானே நகரவும் செய்யும். 2001-இல் ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொரு சுரங்கத்துக்கு 22 கிலோமீட்டர் போனது. மூன்று வாரம் ஆயிற்று. அதன் உச்ச வேகம் மணிக்கு 0.6 கிலோமீட்டர், கால்கள் இல்லை, அகன்ற சங்கிலிப் பட்டைகள்தான். இந்த ஓர் இயந்திரம் நம் வாதத்தை இடம் மாற்றி வைக்கிறது. பெருத்த உருவத்தை இயற்கை தடுக்கவில்லை. பெருத்த உருவம் அவசரப்படுவதைத்தான் தடுக்கிறது.

இங்கேதான் நேரம் வருகிறது. உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1.7 மீட்டரிலிருந்து விழும் தொப்பிக்கு 0.6 நொடி, 18 மீட்டரிலிருந்து விழும் தலைக்கவசத்துக்கு 1.9 நொடி, 79 மீட்டரிலிருந்து 4 நொடி. ஊசலும் அப்படித்தான்; நடை என்பது கால் என்ற ஊசலின் ஆட்டம். நாம் ஓர் அடி எடுத்து வைக்க அரை நொடி என்றால், 18 மீட்டர் உருவத்துக்கு ஒன்றரை நொடிக்குச் சற்று மேல், 79 மீட்டர் உருவத்துக்கு 3.4 நொடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் கப்பல்களின் மாதிரிகளைக் கொண்டு வகுத்த விகிதம் இதற்கு அடிப்படை. வேகத்தின் வர்க்கத்தை, ஈர்ப்பு முடுக்கத்தையும் கால் நீளத்தையும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் ஃப்ரூட் எண் கிடைக்கும். அந்த எண் அரையை நெருங்கும்போது மனிதனும் மற்ற பல விலங்குகளும் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகின்றன. ராபர்ட் மெக்நீல் அலெக்சாண்டர் 1976-இல் டைனோசர்களின் காலடித் தடங்களிலிருந்து அவற்றின் வேகத்தைக் கணித்தது இந்த எண்ணைக் கொண்டுதான். காலின் நீளம் 40 மீட்டர் உள்ள ரோபோ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும் நடந்துகொண்டுதான் இருக்கும், ஓடாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஆடி அசைந்து வருவதாகத் தோன்றும். காலடியில் இருப்பவருக்கு பஸ் பாய்ந்து வருவதுபோல இருக்கும். ஒரே நேரத்தில் மெதுவாகவும் வேகமாகவும் இருப்பதுதான் உண்மையான பெரிய உருவத்தின் அடையாளம். பேட்டில்டெக்கின் 100 டன் 'அட்லஸ்' மெக்கின் உச்ச வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். காலை 7 மீட்டர் என்று கொண்டால் ஃப்ரூட் எண் மூன்றைத் தாண்டுகிறது. மனிதன் மணிக்கு 19 கிலோமீட்டரில் ஓடுவதற்கு இது சமம். அந்த வேகத்தில் அட்லஸ் திரையில் நிதானமாக நடை போட்டால் அது தவறு; இரு பாதமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். இதற்கு விலக்கு யானை: மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலும் அது நான்கு காலையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுப்பதில்லை.

திரைப்படக் கலைஞர்கள் இதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். 1954-இல் 'காட்ஸில்லா' எடுக்கப்பட்டபோது, 50 மீட்டர் உயிரினமாக நடித்தவர் ரப்பர் உடைக்குள் இருந்த மனிதர். சுற்றிலும் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்த டோக்கியோ. சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயாவின் குழு கேமராவை இயல்பைவிட வேகமாக ஓட்டிப் படம் பிடித்தது. திரையில் ஓடும்போது அசைவு மந்தமானது. இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. ஐந்து மடங்கு மெதுவாக்கினால் இடிந்து விழும் மாதிரிக் கட்டடமும் உண்மையான கட்டடத்தின் தாளத்தில் விழும். நம் கண்ணுக்கு மீட்டர் கணக்குத் தெரியாது. ஆனால் பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகியிருப்பதால், விழும் நேரத்திலிருந்து உயரத்தை உணர்கிறது. விளையாட்டுகளில் 60 மீட்டர் ரோபோ பொம்மைபோலத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓவியரின் பிழை அல்ல, அசைவூட்டத்தின் அவசரம்.

அந்த அவசரத்துக்கு என்ன விலை என்பதையும் கணக்கிடலாம். நல்ல குத்துச்சண்டை வீரரின் முட்டி நொடிக்கு 10 மீட்டர் வேகம் போகும் என்று கொள்வோம். அதே நேரத்தில், அதே அசைவை 79 மீட்டர் ரோபோ செய்தால் அதன் முட்டி நொடிக்கு 460 மீட்டர் போகும். ஒலியின் வேகம் 340. ஒவ்வொரு குத்துக்கும் ஒலித்தடை உடைந்து இடி முழங்கும். கையின் உள்ளே நடப்பது அதைவிடக் கடுமை. வெறுமனே நிற்பதற்கு உடலின் பொருள் தாங்கும் அழுத்தம் உயரத்தோடு ஏறுகிறது. மனித வேகத்தில் அசைந்தால் முடுக்கமும் உயரத்தோடு ஏறுவதால், இரண்டும் பெருகி அழுத்தம் உயரத்தின் வர்க்கமாகிறது. 18 மீட்டருக்கு நூறு மடங்குக்கு மேல். 79 மீட்டருக்கு இரண்டாயிரம் மடங்குக்கு மேல். விசைக்குப் பஞ்சம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் தசை மூன்று கிலோ அளவு இழுக்கும். மண் அள்ளும் இயந்திரங்களில் உள்ள ஹைட்ராலிக் உருளை அதே பரப்பில் முந்நூறு கிலோ தள்ளும். தள்ளுவதற்கு ஆள் இருக்கிறது. தள்ளப்படும் தோள்பட்டைதான் பிய்ந்து போகும்.

வெப்பத்துக்கும் இதே கதைதான்: உலையின் வெப்பம் கன அளவோடு வளர்கிறது, அதை வெளியேற்றும் மேற்பரப்பு பின்தங்குகிறது. பேட்டில்டெக்கில் அடுத்தடுத்துச் சுட்டால் மெக் சூடேறி நின்றுவிடும் என்ற விதி, அந்த உலகிலேயே இயற்பியலுக்கு மிக நெருக்கமான விதி என்பேன். ஓட்டுநரின் நிலையைப் பலரும் நினைப்பதே இல்லை. நடக்கும்போது நம் இடுப்பு நான்கைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. 79 மீட்டர் உருவத்தில் அது இரண்டு மீட்டர் ஏற்ற இறக்கம், 3.4 நொடிக்கு ஒருமுறை. மனிதருக்குக் கடல் பயணத்தில் குமட்டலை மிகுதியாக உண்டாக்குவது ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவு. ராட்சத ரோபோவின் தலைக்குள் உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய புயல் நேரத்துப் படகில் இருக்கிறார்.

இவ்வளவும் கேட்டபின், கற்பனைக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று ஒருவர் கேட்கலாம். டிராகனின் இறக்கைப் பரப்பை யாரும் அளப்பதில்லையே. ஆனால் டிராகன் டன் கணக்கைத் தன் மார்பில் எழுதிக்கொண்டு வருவதில்லை. ராட்சத ரோபோ கதைகள் எடை, உயரம், குதிரைத்திறன் என்று அட்டவணை போட்டுத் தருகின்றன. இது மந்திரம் அல்ல, பொறியியல் என்று வாக்குக் கொடுக்கின்றன. அந்த வாக்கை நம்புகிறவர்கள்தான் மீட்டர் கணக்கில் வாதிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இதைவிடக் கனமான மறுப்பு விளையாடுகிறவரிடமிருந்து வருகிறது: பொத்தானை அழுத்தி மூன்று நொடி கழித்து முட்டி போய்ச் சேர்ந்தால் அதை யார் விளையாடுவது? முழுக்க நியாயமான கேள்வி. விளையாட்டு விரல் நுனியில் இருக்கிறது. விரலுக்குக் காத்திருக்கத் தெரியாது.

விடை கணக்கைத் திருப்பிப் போடுவதில் இருக்கிறது. வடிவமைப்பவர்கள் முதலில் உயரத்தைத் தீர்மானித்துவிட்டு, பிறகு அந்த உடலை மனித வேகத்தில் ஆட்டி வைக்கிறார்கள். முதலில் நேரத்தைத் தீர்மானிக்கட்டும். மனித அசைவைவிட ஒன்றரை மடங்கு தாமதத்தை விளையாடுபவர் பொறுத்துக்கொள்வார் என்றால், ரோபோவின் உயரம் 1.7 மீட்டரின் 2.25 மடங்கு, அதாவது நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானில் 2012-இல் ஓட்டுநர் ஏறி உட்காரும்படி கட்டப்பட்ட 'குராட்டாஸ்' அந்த உயரத்தில்தான் நிற்கிறது. அதுவும் சக்கரக் கால்களில். இரண்டு மடங்கு தாமதம் என்றால் ஏழு மீட்டர். இரண்டரை மடங்கு என்றால் பத்தரை மீட்டர். 'ஆர்மர்ட் கோர்' விளையாட்டு வரிசை ரோபோக்களின் உயரம் ஏறக்குறைய அதுதான். அந்த விளையாட்டில் வேகத்தைக் கால்கள் தருவதில்லை, முதுகில் உள்ள உந்துகலன்கள் தருகின்றன என்பதும் கணக்கோடு ஒத்துப்போகிறது. கால் தன் தாளத்தில் மெதுவாக இருக்கலாம், உடல் மட்டும் வழுக்கிப் பாயலாம். உள்ளே இருப்பவரின் நிலைதான் கவலைக்குரியது: 0.3 நொடியில் பத்து மீட்டர் விலகினால் ஈர்ப்பைப்போல இருபத்து மூன்று மடங்கு முடுக்கம். பயிற்சி பெற்ற போர் விமானி, அதற்கென்ற உடையோடு, தாங்குவது ஒன்பது மடங்கு அளவில்.

அப்படியானால் 79 மீட்டர் ரோபோவுக்கு விளையாட்டில் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் விளையாடுபவரின் கையாக அல்ல. ஏழு மடங்கு மெதுவான உடல், உத்தரவு பெற்று நகரும் உடல். 2007-இல் வந்த 'சுப்ரீம் கமாண்டர்' போன்ற வியூக விளையாட்டில் பார்வை மேகத்தின் உயரத்தில் இருக்கிறது. விளையாடுபவர் ஒரு முட்டியை வீசுவதில்லை, ஒரு போர்முனையை நகர்த்துகிறார். ராட்சத ரோபோ தொழிற்சாலையிலிருந்து வெளியேறி எதிரியின் எல்லையை எட்டும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு அங்கே குறையாகத் தோன்றுவதில்லை. அது வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தும் எதிரி தன் அரண்களைக் கட்டி முடிக்கப் போராடும் சில நிமிடங்கள் அதில் இருக்கின்றன.